வேதிப் பிணைப்பு

வேதிப் பிணைப்பு என்பது அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தி, மூலக்கூறுகளும் படிகங்களும் உருவாகக் காரணமாக அமையும் கவர்ச்சி ஆகும். இலங்கை வழக்கில் இது இரசாயனப் பிணைப்பு என அழைக்கப்படுகிறது. இதுவரை அறியப்பட்ட தனிமங்கள் 118 மட்டுமே. ஆயினும் அவற்றின் அணுக்கள் வெவ்வேறு விகிதங்களிலும் வெவ்வேறு அமைப்புகளிலும் பிணைவதால் கோடிக்கணக்கான சேர்மங்கள் உருவாகின்றன. ஒரு பொருள் கடினமானதா மென்மையானதா, நீரில் கரையுமா கரையாதா, மின்சாரத்தைக் கடத்துமா கடத்தாதா, மண்ணில் மக்குமா மக்காதா என்பன போன்ற பண்புகள் அப்பொருளில் உள்ள பிணைப்புகளின் வகையையும் வலிமையையும் அமைப்பையும் பொறுத்தவை.

வேதிப் பிணைப்பின் முதன்மையான வகைகள் அனைத்தையும் ஒரே வட்டாரத்தில் காண இயலும். தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள குற்றாலத்தில் அருவி நீர், அந்நீர் விழும் பாறை, மலைத்தோட்டத்துக் கிராம்பு, குளிப்போர் பூசும் எண்ணெய், அவர்கள் விட்டுச்செல்லும் நெகிழி உறை ஆகியன ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. இவற்றிடையே உள்ள வேறுபாடு பிணைப்பின் வேறுபாடே ஆகும். இக்கட்டுரையில் இப்பொருட்களே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

அணுக்கள் ஏன் பிணைகின்றன?

ஓர் அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கருவும், அதனைச் சூழ்ந்து எதிர்மின்னூட்டம் கொண்ட எதிர்மின்னிகளும் உள்ளன. எதிர்மின்னிகள் எலக்ட்ரான்கள் எனவும் இலத்திரன்கள் எனவும் வழங்கப்படுகின்றன. இவை பல ஆற்றல் மட்டங்களில் அடுக்குகளாக அமைந்துள்ளன. வெளிக்கூட்டில் உள்ள எதிர்மின்னிகளே பிணைப்பில் பங்கு கொள்கின்றன. அவை இணைதிறன் எதிர்மின்னிகள் எனப்படும்.

இரண்டு அணுக்கள் நெருங்கும்பொழுது இருவகை விசைகள் செயற்படுகின்றன. ஓர் அணுவின் கரு மற்றதன் எதிர்மின்னிகளை ஈர்க்கிறது. அதே வேளையில் கரு கருவையும், எதிர்மின்னி எதிர்மின்னியையும் விலக்குகின்றன. ஒரு குறிப்பிட்ட தொலைவில் இவை சமநிலை அடைந்து, அணுக்கள் இரண்டும் தனித்திருந்தபொழுது கொண்டிருந்ததைவிடக் குறைந்த மொத்த ஆற்றலைப் பெறுமாயின் அங்கே பிணைப்பு உருவாகிறது. அத்தொலைவு பிணைப்பு நீளம் எனப்படும். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இது 0.074 நானோமீட்டர் ஆகும். அவற்றை அதற்கு மேல் நெருக்கினாலும் விலக்கினாலும் ஆற்றல் உயரும்.

எனவே பிணைப்பு என்பது பாடநூற் படங்களில் வரையப்படுவது போன்ற ஒரு குச்சியோ கொக்கியோ அன்று. எதிர்மின்னிகள் பரவியிருக்கும் விதத்தால் ஏற்படும் ஆற்றல் குறைவே பிணைப்பாகும். ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வளிமங்களில் வெளிக்கூடு ஏற்கனவே நிறைந்திருப்பதால், வேறோர் அணுவுடன் சேர்வதனால் பெரும்பாலும் இவ்வாறான ஆற்றல் குறைவு ஏற்படுவதில்லை. ஆகவே அவை தனி அணுக்களாகவே இருக்கின்றன.

பல அணுக்கள் வெளிக்கூட்டில் எட்டு எதிர்மின்னிகள் அமையும் வகையில் பிணைகின்றன. இது எண்ம விதி எனப்படும். இவ்விதி பயனுள்ள நினைவுக் குறிப்பே அன்றி இயற்கையின் அடிப்படை விதி அன்று. ஹைட்ரஜனுக்கு இரண்டு எதிர்மின்னிகளே போதுமானவை. கந்தகம், பாசுபரசு ஆகியவற்றின் பல சேர்மங்கள் இவ்விதிக்குள் எளிதில் அடங்குவதில்லை.

வரலாறு

தனிமங்கள் நிலையான எடை விகிதங்களில் சேர்ந்து சேர்மங்களாகின்றன என்பதை ஜான் டால்ட்டன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணுக்கொள்கையின் துணையுடன் விளக்கினார். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அணுக்களுடனேயே சேரும் என்னும் இணைதிறன் கருத்தை எட்வர்டு பிராங்க்லாந்து 1852இல் முன்வைத்தார். கார்பன் நான்கு இணைதிறன் கொண்டது என்றும், கார்பன் அணுக்கள் தமக்குள் சங்கிலியாகப் பிணையவல்லவை என்றும் கெக்குலேவும் கூப்பரும் 1858இல் தனித்தனியே கண்டனர். ஆயினும் அணுக்களைச் சேர்த்து வைப்பது எது என்பது அப்பொழுது விளங்கவில்லை. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எதிர்மின்னியைக் கண்டறிந்த பின்னரே அதற்கு வழி பிறந்தது.

1916இல் கில்பர்ட் லூயிசு, ஓரிணை எதிர்மின்னிகளை இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்னும் கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் வால்தர் கோசல், எதிர்மின்னி ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு முழுமையாக மாறுவதால் ஏற்படும் அயனிப் பிணைப்பை விளக்கினார். பகிர்வது ஏன் ஆற்றலைக் குறைக்கிறது என்னும் வினாவிற்கு 1927இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூற்றுக்கு விடை கண்டனர். லைனசு பாலிங் இக்கருத்துகளை விரிவுபடுத்தி 1939இல் நூலாக வெளியிட்டார். அவருக்கு 1954இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டு அறிவியலாளர்களின் பங்கு

பிணைப்புகளை நேரே கண்ணால் காண இயலாது. அவற்றை ஆராய உதவும் வழிகளை அமைத்ததில் தமிழ்நாட்டைச் சேர்ந்தோரின் பங்கு குறிப்பிடத்தக்கது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் இராமன் விளைவைக் கண்டறிந்தார். பிணைப்பில் உள்ள அணுக்கள் அசையாமல் இருப்பதில்லை. சுருள்வில்லின் இருமுனைகளில் கட்டிய குண்டுகளைப் போல அவை அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மூலக்கூற்றின் மீது விழும் ஒளியில் மிகச் சிறு பகுதி, இவ்வதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அதிலிருந்து பெற்றோ நிறம் மாறிச் சிதறுகிறது. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்கே உரிய அதிர்வெண்ணைக் கொண்டிருப்பதால், சிதறிய ஒளியை ஆய்ந்து ஒரு பொருளில் எவ்வகைப் பிணைப்புகள் உள்ளன என அறியலாம். இன்று மருந்து, மாணிக்கக்கல், ஓவிய வண்ணம் முதலியவற்றைச் சிதைக்காமல் ஆராய இம்முறை பயன்படுகிறது.

இவ்வாய்வில் இராமனுடன் பணியாற்றிய கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. அவர் பின்னர் தாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். பென்சீன் வளையத்தில் உள்ள சில எதிர்மின்னிகள் இரண்டு அணுக்களுக்கிடையே மட்டும் நில்லாமல் வளையம் முழுவதும் பரவியுள்ளன. இதனால் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தப்புலத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு மிகுதியாகும். இவ்வேறுபாட்டை அளந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதை அவர் கணித்தார். 1947இல் புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவானபொழுது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் இவரே.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் இப்புரதத்தில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன. அச்சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிப்பது பின்னர் விளக்கப்படும் ஹைட்ரஜன் பிணைப்பு ஆகும். தோல் பதனிடுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஆவாரம்பட்டையிலும், மலைக்காடுகளில் கிடைக்கும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள், இக்கொலாசன் சங்கிலிகளுடன் பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன. பச்சைத் தோல் அழுகிவிட, பதனிட்ட தோல் அழுகாமல் இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வகைகள்

அயனிப் பிணைப்பு

தென்காசியிலிருந்து கிழக்கே உள்ள தூத்துக்குடியின் உப்பளங்களில் விளையும் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். சோடியம் அணு ஓர் எதிர்மின்னியை இழந்து நேர் அயனியாகிறது. குளோரின் அணு அதனைப் பெற்று எதிர் அயனியாகிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இவ்வயனிகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன.

சோடியம் எதிர்மின்னியைத் தானே விரும்பிக் கொடுக்கிறது என்று கூறுவது வழக்கம். ஆனால் கணக்கு அவ்வாறு காட்டவில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எதிர்மின்னிகளைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அவற்றை ஏற்கும்பொழுது 349 கிலோஜூல் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே இம்மாற்றம் தனித்து நிகழ்ந்தால் 147 கிலோஜூல் இழப்பே மிஞ்சும். அயனிகள் ஒன்றுசேர்ந்து படிகமாகும்பொழுது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. இவ்வருவாயே அந்த இழப்பை ஈடுசெய்கிறது. உப்பு உருவாவதற்கு உண்மையான காரணம் படிகமே ஆகும்.

உப்பில் இரண்டு அணுக்கள் கொண்ட தனி மூலக்கூறு என ஒன்று இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்துள்ளன. ஈர்ப்பு எல்லாத் திசைகளிலும் இருப்பதால் உப்பை உருக்க 801 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். அதே வேளையில் படிகத்தைத் தட்டினால் அடுக்கு சற்றே நகர்ந்து, ஒத்த மின்னூட்டங்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளுவதால் அது எளிதில் உடைகிறது. திண்ம நிலையில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. நீரில் கரைந்த பின்னர் அயனிகள் நகர முடிவதால் கடத்துகிறது.

சகப் பிணைப்பு

அணுக்கள் எதிர்மின்னி இணைகளைப் பகிர்ந்துகொள்வதால் உண்டாவது சகப் பிணைப்பு ஆகும். இது பங்கீட்டுப் பிணைப்பு எனவும் அழைக்கப்படும். நீர் மூலக்கூற்றில் ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுடன் இவ்வாறு பிணைந்துள்ளது. அவ்விரு பிணைப்புகளுக்கிடையே உள்ள கோணம் 104.5 பாகை ஆகும்.

ஓரிணை எதிர்மின்னிகள் பகிரப்பட்டால் ஒற்றைப் பிணைப்பும், இரண்டு இணைகள் பகிரப்பட்டால் இரட்டைப் பிணைப்பும், மூன்று இணைகள் பகிரப்பட்டால் முப்பிணைப்பும் உருவாகின்றன. காற்றின் 78 விழுக்காட்டை நிரப்பும் நைட்ரஜன் முப்பிணைப்பு கொண்டது. அதனை முறிக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் தேவைப்படுவதால், வயலைச் சூழ்ந்து இவ்வளவு நைட்ரஜன் இருந்தும் நெற்பயிர் அதனை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. மின்னலும், பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும், உரத் தொழிற்சாலைகளும் அம்முப்பிணைப்பை முறித்துத் தருகின்றன.

சகப் பிணைப்பு எல்லையின்றிப் பரவும்பொழுது மிக உறுதியான திண்மங்கள் உருவாகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி பெரும்பாலும் சார்னோகைட்டு, நைசு ஆகிய பழம்பாறைகளால் ஆனது. இப்பாறைகளில் உள்ள குவார்ட்சு படிகத்தில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களுடனும், ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு சிலிக்கான் அணுக்களுடனும் பிணைந்து முப்பரிமாண வலையாக நிற்கின்றன. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 452 கிலோஜூல் ஆகும். ஆண்டுதோறும் சாரல் பருவத்தில் நீர் விழுந்தும் பாறை கரைந்துவிடாமல் இருப்பது இதனாலேயே. எனினும் பாறையில் உள்ள பெல்சுபார் போன்ற வேறு கனிமங்கள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீரால் மிக மெதுவாகச் சிதைந்து களிமண்ணாகின்றன.

எந்தெந்த அணுக்கள் உள்ளன என்பது மட்டுமன்றி, அவை எவ்வாறு பிணைந்துள்ளன என்பதும் பொருளின் இயல்பைத் தீர்மானிக்கிறது. 1800ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டங்களை அமைத்துக் கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றைப் பயிரிட்டது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் மூலக்கூற்றில் 10 கார்பன், 12 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதே எண்ணிக்கையில் அதே அணுக்களைக் கொண்டு, ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் ஓரிடம் தள்ளி அமைந்தால் அது ஐசோயூஜெனால் என்னும் வேறு மணமுடைய பொருளாகிவிடுகிறது. இத்தகைய சேர்மங்கள் மாற்றியங்கள் எனப்படும்.

ஈதல் சகப் பிணைப்பு

பகிரப்படும் இணையின் இரண்டு எதிர்மின்னிகளையும் ஓர் அணுவே அளிப்பின் அது ஈதல் சகப் பிணைப்பு எனப்படும். இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் உள்ள மக்னீசியமும், குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பும் நைட்ரஜன் அணுக்களுடன் இவ்வாறே பிணைந்துள்ளன. உருவான பின்னர் இது ஏனைய சகப் பிணைப்புகளிலிருந்து வேறுபடுவதில்லை.

உலோகப் பிணைப்பு

சைவ மரபில் கூறப்படும் ஐந்து சபைகளில் குற்றாலத்தில் உள்ளது சித்திர சபை. திருநெல்வேலியில் உள்ளது தாமிர சபை. தாமிரம் போன்ற உலோகங்களில் வெளிக்கூட்டு எதிர்மின்னிகள் எந்த ஓர் அணுவுக்கும் உரியனவாக இல்லாமல் உலோகம் முழுவதும் பரவியுள்ளன. நேர் அயனிகளின் வரிசைகள் இவ்வெதிர்மின்னிக் கடலில் அமிழ்ந்துள்ளதாகக் கொள்ளலாம். ஓர் அடுக்கு நகர்ந்தாலும் பிணைப்பு அறுபடுவதில்லை. ஆகையால் உப்பைப் போல உடையாமல் தாமிரத்தைத் தகடாக அடிக்கவும் கம்பியாக இழுக்கவும் முடிகிறது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் நன்கு கடத்துவதும் இதனாலேயே.

எதிர்மின்னிக் கவர்தன்மை

மேற்கூறிய வகைகளுக்கிடையே கூர்மையான எல்லைகள் இல்லை. பிணைப்பில் உள்ள எதிர்மின்னிகளைத் தன்பால் இழுக்கும் ஆற்றல் எதிர்மின்னிக் கவர்தன்மை எனப்படும். பாலிங் அளவுகோலில் சோடியத்துக்கு 0.93, ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, குளோரினுக்கு 3.16, ஆக்சிஜனுக்கு 3.44 என மதிப்புகள் தரப்பட்டுள்ளன. வேறுபாடு மிகுதியாயின் பிணைப்பு அயனித் தன்மை உடையதாகவும், குறைவாயின் சமமான பகிர்வாகவும் இருக்கும். இடைப்பட்ட நிலையில், எடுத்துக்காட்டாக நீரில், பகிர்வு ஒருபுறம் சாய்ந்து ஆக்சிஜன் சிறிது எதிர்மின்னூட்டத்தையும் ஹைட்ரஜன் சிறிது நேர்மின்னூட்டத்தையும் பெறுகின்றன. இது முனைவுறு சகப் பிணைப்பு ஆகும்.

மூலக்கூறுகளுக்கிடையேயான விசைகள்

ஒரு நீர் மூலக்கூற்றின் ஹைட்ரஜன், அண்டை மூலக்கூற்றின் ஆக்சிஜனால் ஈர்க்கப்படுகிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு அல்லது நீரியப் பிணைப்பு எனப்படும். இதன் வலிமை நீரில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல் ஆகும். மூலக்கூற்றுக்குள் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலோ 463 கிலோஜூல். வலிமை குறைவாயினும் இதன் விளைவு பெரிது. நீரைவிடக் கனமான மூலக்கூறாகிய ஹைட்ரஜன் சல்பைடு −60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நீர் 100 பாகை வரை நீர்மமாக இருப்பதற்கு நீரியப் பிணைப்பே காரணம். இப்பிணைப்புகள் நொடியின் இலட்சங்கோடியில் சில பங்கு நேரத்தில் அறுந்து மீண்டும் அமைந்துகொண்டே இருப்பதால் நீர் பாய்கிறது.

நீர் கொதிக்கும்பொழுது முறிவன நீரியப் பிணைப்புகள் மட்டுமே. நீராவியிலும் நீர் மூலக்கூறுகளே உள்ளன. அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவை அன்று.

எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே வான் டெர் வால்சு விசை எனப்படும் மேலும் மெல்லிய ஈர்ப்பு உள்ளது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றின் நீண்ட கார்பன் சங்கிலிகள் பெரும்பாலும் இவ்விசையாலேயே ஒன்றுசேர்ந்துள்ளன. அச்சங்கிலிகளால் நீருடன் நீரியப் பிணைப்பை ஏற்படுத்த இயலாது. ஆகவே நீர் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே சேர்ந்துகொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடுகின்றன. எண்ணெய் தேய்த்த உடலில் அருவி நீர் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோடுவது இதன் விளைவு.

பிணைப்பு ஆற்றல்

ஒரு பிணைப்பை முறித்து அணுக்களைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் பிணைப்பு ஆற்றல் எனப்படும். இதனைப் பொறுத்தவரை மாணவர்களிடையே பரவலாக உள்ள ஒரு தவறான கருத்து, பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, அவை முறியும்பொழுது அவ்வாற்றல் வெளிப்படுகிறது என்பதாகும். உண்மை இதற்கு நேர்மாறானது. பிணைப்பை முறிக்க எப்பொழுதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்பொழுதே ஆற்றல் வெளிப்படும்.

ஹைட்ரஜன் எரிந்து நீராவியாவதைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். 2 மோல் ஹைட்ரஜனின் பிணைப்புகளை முறிக்க 2 × 436 = 872 கிலோஜூலும், 1 மோல் ஆக்சிஜனின் பிணைப்புகளை முறிக்க 498 கிலோஜூலும் ஆக மொத்தம் 1370 கிலோஜூல் செலவாகிறது. 2 மோல் நீர் உருவாகும்பொழுது நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைவதால் 4 × 463 = 1852 கிலோஜூல் கிடைக்கிறது. வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிஞ்சும் 482 கிலோஜூலே வெப்பமாக வெளிப்படுகிறது. விறகும் சமையல் எரிவளியும் வெப்பம் தருவதற்கும், எரிவதைத் தொடங்கிவைக்க ஒரு தீக்குச்சி தேவைப்படுவதற்கும் விளக்கம் இக்கணக்கிலேயே உள்ளது.

அருவியின் வேகத்தால் நீரின் பிணைப்புகள் முறியுமா என்பதையும் கணக்கிட்டு அறியலாம். 100 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுவதாகக் கொண்டால், ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 980 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு மோல் நீரின் எடை 18 கிராம் ஆதலால், ஒரு மோலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.018 கிலோஜூல் மட்டுமே. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்கத் தேவைப்படும் 463 கிலோஜூலில் இது இருபத்தையாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வாற்றல் முழுவதும் வெப்பமானாலும் நீரின் வெப்பநிலை கால் பாகை கூட உயராது. மேலே இருந்த நீரே கீழேயும் வருகிறது. அருவியில் விழுவதால் அதன் வேதியியல் இயைபு மாறுவதில்லை.

சுண்ணாம்பு: பிணைப்பு மாற்றத்தின் ஒரு சுழற்சி

திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகரில் 1949இல் தொடங்கிய சிமெண்டு ஆலை, அப்பகுதியின் சுண்ணாம்புக்கல்லை அடிப்படையாகக் கொண்டது. சுண்ணாம்புக்கல்லில் இருவகைப் பிணைப்புகள் ஒருங்கே உள்ளன. கார்பனேட்டு அயனிக்குள் கார்பனும் ஆக்சிஜனும் சகப் பிணைப்பால் சேர்ந்துள்ளன. அவ்வயனியும் கால்சியம் அயனியும் அயனிப் பிணைப்பால் சேர்ந்துள்ளன.

இக்கல்லை ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீரை ஊற்றினால் புதிய பிணைப்புகள் உருவாகி, ஒரு மோலுக்கு, அதாவது 56 கிராமுக்கு, ஏறத்தாழ 65 கிலோஜூல் வெப்பம் வெளிப்பட்டு நீற்றுச் சுண்ணாம்பாகிறது. ஊற்றிய நீரே கொதிக்கும் அளவுக்கு வெப்பம் எழக்கூடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அதன் காரத்தன்மை விழிப்படலத்தைச் சிதைத்துப் பார்வையைப் பறிக்கவல்லது. அவ்வாறு நேர்ந்தால் தாமதமின்றி ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சூளையில் கல்லிலிருந்து பிரிந்த அதே பிணைப்புகள் சுவரில் மீண்டும் அமைகின்றன.

அருவியும் மாசும்

2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சவர்க்காரம், ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் தடை விதித்தது. இத்தடைகளின் தேவையைப் பிணைப்பின் வழியே விளங்கிக்கொள்ளலாம்.

சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை அயனித் தன்மை உடையது, நீரை நாடுவது. மறுமுனை நீண்ட கார்பன் சங்கிலி, எண்ணெயை நாடுவது. இவ்விரட்டைத் தன்மையால் அது எண்ணெயைச் சூழ்ந்து நீருடன் கொண்டுசெல்கிறது. அதே தன்மையால் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மீனின் செவுள்களையும் நீர்ப்பூச்சிகளையும் பாதிக்கிறது. குற்றாலத்தின் அருவி நீர் சிற்றாறாகி, பின்னர் தாமிரபரணியில் சேர்கிறது. வழியில் உள்ள ஊர்கள் அந்நீரையே பயன்படுத்துகின்றன.

இயற்கையில் பாக்டீரியாக்கள் கார்பன் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு அணுக்களாக வெட்டிச் சிதைக்கின்றன. சங்கிலி நேராக இருந்தால் இது விரைவில் முடிகிறது. தொடக்ககாலச் செயற்கை அழுக்கு நீக்கிகளில் சங்கிலிகள் கிளைத்திருந்தன. கிளைகள் குறுக்கிட்டதால் வெட்டுதல் தடைப்பட்டு, மேலை நாடுகளின் ஆறுகளில் நுரை மலைபோலத் திரண்டது. 1960களில் நேரான சங்கிலி கொண்டவற்றுக்கு மாறிய பின்னரே அது தணிந்தது.

நெகிழி உறைகளில் பெரிதும் பயன்படும் பாலி எத்திலீன் இன்னும் விளக்கம் தருவதாகும். அதில் உள்ள கார்பன்–கார்பன் பிணைப்பின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 347 கிலோஜூல் ஆகும். தேங்காயெண்ணெயின் சங்கிலிகளில் உள்ளதும் அதே பிணைப்பே. வலிமையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் சிந்திய எண்ணெய் சில வாரங்களில் மறைந்துவிட, உறை பல பத்தாண்டுகள் கிடக்கிறது. எண்ணெய் மூலக்கூற்றில் எசுத்தர் பிணைப்பு என்னும் எளிதில் முறியக்கூடிய இடம் உண்டு. அதனை வெட்டும் நொதிகள் கிட்டத்தட்ட எல்லா உயிரிகளிடமும் உள்ளன. பாலி எத்திலீனில் அத்தகைய இடம் இல்லை. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கொண்ட அதன் சங்கிலி நுண்ணுயிரிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. நீரும் அதில் ஒட்டுவதில்லை. சூரியனின் புற ஊதாக்கதிர்கள் அதனை மெல்ல மெல்லச் சிறு துகள்களாக உடைக்கின்றன. ஆனால் உடைந்த துகள்களும் நெகிழியாகவே எஞ்சுகின்றன.

ஒரு பொருள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது பிணைப்பின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அதனை முறிக்கும் வழி சுற்றுச்சூழலில் உள்ளதா என்பதையும் பொறுத்தது. தலைமுடியைக் கழுவச் சில நிமிடங்கள் பயன்பட்ட உறை, அதை வாங்கியவரின் வாழ்நாளையும் கடந்து பாறையிடுக்கில் கிடக்கக்கூடும். இன்றைய வேதியியலாளர்கள் பயன் முடிந்ததும் முறியக்கூடிய பிணைப்புகளைத் திட்டமிட்டு இடையிடையே அமைத்த நெகிழிகளை உருவாக்க முயல்வது இக்காரணத்தாலேயே ஆகும்.